மஞ்சள் துணி கட்டிய வழி

கைப்பேசியைக் கேட்டால் இந்தக் காலத்தில் எதுவும் கிடைக்கும் என்கிறார்கள். கீர்த்தி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். திருப்பதிக்குப் பக்கத்தில், கூட்டமில்லாத ஓர் இடம். காலாற நடக்க வேண்டும், நடக்கும்போது நாலு பறவையோ மிருகமோ கண்ணில் பட வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள். அது பத்து இடங்களை அடுக்கிக் காட்டியது. பத்திலும் கார் நிறுத்த இடம் உண்டு, பிரியாணி உண்டு, செல்ஃபி எடுக்க இதயம் போல வளைத்த இரும்புக் கம்பி உண்டு. பறவைதான் இல்லை.

நடை அவளுக்காக இல்லை, புருஷன் ஹரிபிரசாத்துக்காக. நாலு மாதமாக அவன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. ஸ்ரீசிட்டியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை ஒருநாள் போனிலேயே விட்டுவிட்டான். குளிக்கச் சொன்னால் குளிப்பான், சோறு வைத்தால் இரண்டு வாய் சாப்பிடுவான், பேச மட்டும் மாட்டான். "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். எங்கேயாவது பச்சையைப் பார்த்து நடக்க வையுங்கள்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொல்வது சுலபம். டாக்டர் இடத்தைச் சொல்லவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாய் விட்டார்கள். ஹரி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தான். காலையில் கீர்த்தி கண் விழித்ததும், "இன்னிக்கி ஆறாவது நாளு", "இன்னிக்கி ஒம்போதாவது நாளு" என்பான். கீர்த்தி வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்து, ஒரு முனையைக் கிழித்து, அதில் ஒரு ரூபாயை முடிந்து ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டாள். பத்தொன்பதாவது நாளுக்குப் பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. முடிந்த காசை மாமியார் சொன்னபடி உண்டியலில் போட்டாயிற்று. மிச்சத் துணி பீரோவிலேயே கிடந்தது. எறியவும் மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை.

முதலில், திருமலைக்குப் படி ஏறத் தொடங்கும் அலிபிரிக்குத்தான் கூட்டிப் போனாள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், படி ஏறினால் இரண்டு பக்கமும் காடு, மான்கூடத் தெரியும் என்று நினைத்தாள். அறுபது படி ஏறியிருப்பார்கள். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் எதிரே இறங்கி வந்தான். ஹரி நின்றான், திரும்பினான், கீர்த்தி கூப்பிடக் கூப்பிட இறங்கிப் போய்விட்டான். கடவுள் வாசலில் போய்க் குழந்தை இல்லாத வழியைத் தேடினோமே, நம் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று அவள் அழுதுகொண்டே பின்னால் வந்தாள்.

வழி காட்டியது கைப்பேசி இல்லை, கம்பெனி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்காரும் ஜமீலா. "எங்க மாமியா ஊட்டு மாந்தோப்பு வடமாலபேட்டைக்கு அந்தாண்ட இருக்குது. தோப்பு தாண்டி உள்ள போனா ஒரு குன்னு. மயிலு, நரி, கௌதாரி எல்லாம் வரும். மனுசங்கதான் வரமாட்டாங்க."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே கீர்த்தி அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹரியை இழுத்துக்கொண்டு போனாள். மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாந்தோப்பு வேலியோரமாகப் போய், ஒரு சின்ன ஏரிக்கரை மேல் ஏறினார்கள். தண்ணீரில் அரிவாள்மூக்கன் பறவைகள் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. கரை முடிந்ததும் களாச்செடியும் முள்ளும் அடர்ந்த ஒற்றையடிப் பாதை. அது ஆடுகள் போட்ட பாதை, ஆடுகளுக்கு எங்கே போக வேண்டுமோ அங்கெல்லாம் பிரிந்தது. இரண்டு தடவை தப்பு வழியில் போய்த் திரும்பி, ஒன்றரை மணி நேரம் கழித்துக் குன்றின் அடிவாரத்து ஆலமரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கீர்த்தி முள் கீறிய காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கீர்த்தி, அங்க பாரு."

நாலு மாதத்தில் அவனாகப் பேசிய முதல் பேச்சு. அவளுக்கு முதலில் பாறை தெரியவில்லை, பறவை தெரியவில்லை, அந்தக் குரல்தான் கேட்டது. பிறகு அவன் கை நீட்டிய இடத்தைப் பார்த்தாள். பாறை இடுக்கில், பாறையின் நிறத்திலேயே, ஒரு பெரிய கோட்டான். தலையில் இரண்டு கொம்புபோல இறகு நிமிர்ந்திருந்தது. மஞ்சள் கண்ணால் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே அழுக்குப் பஞ்சு உருண்டைபோல இரண்டு குஞ்சுகள்.

"ரெண்டு இருக்குது. இன்னிக்கி மொத நாளு" என்றான் ஹரி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எண்ணிய அதே குரல். எண்ணட்டும், எதையாவது எண்ணட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாளே அவன் போக வேண்டும் என்றான். கீர்த்திக்கோ வாரத்தில் ஆறு நாள் ஷிஃப்ட். "தனியாப் போனா வழி தப்பிடுவேன்" என்று சின்னப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தான். கைப்பேசி வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சையாக இருந்தது, பாதையே இல்லை. அடுத்த ஞாயிறு அவள் பீரோவைத் திறந்து அந்த மஞ்சள் துணியை எடுத்தாள். முள் காட்டில் மஞ்சள்தான் தூரத்திலிருந்தே தெரியும். அதோடு, அந்தத் துணி ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்காவது ஆகட்டுமே என்று அவளுக்கு இருந்தது.

பதினொரு நாடாவாகக் கிழித்தாள். பாதை பிரியும் இடத்திலெல்லாம் செடியில் ஒன்று கட்டினாள். காற்றில் நூல் பிரியாமல் இருக்க ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முடிச்சுப் போட்டாள். கடைசி நாடாவை ஆலமரத்தில், ஹரி உட்கார்ந்து பார்க்கிற இடத்துக்கு மேலே கட்டினாள். பாலசமுத்திரத்தில் பிறந்து திருப்பதியில் குடித்தனம் செய்கிறவள், மஞ்சள் துணியில் முடிச்சு என்றால் இந்தப் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று தெரியாதவள் இல்லை. அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு ஹரி வழி தப்பாமல் வந்து சேர வேண்டும் என்பதே நினைவாக இருந்தது.

அதன் பிறகு அவன் நாள் தவறாமல் போனான். பழைய பைனாகுலர் ஒன்று வாங்கினான். சாயங்காலம் அவள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது தெருமுனையில் நின்றுகொண்டு, "இன்னிக்கி எலி ஒன்னு கொண்டாந்து குட்துச்சி. பெருசு முழுங்கிட்ச்சி, சின்னது ஏமாந்து போச்சி" என்று சொல்லுவான். பத்தொன்பதாவது நாள் அவன் எதுவும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. இருபதாவது நாள் முகம் மழித்துக்கொண்டு வந்து நின்றான். "ரெண்டும் இருக்குது" என்றான். அன்றைக்கு மூன்று தட்டுச் சோறு தின்றான். கீர்த்தி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இருபத்துமூன்றாவது நாள் ஒரு புதுச் செய்தி சொன்னான். "உன் துணிக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு மஞ்சத் துணி கட்டிக்கிது. யாரு கட்டனதுன்னு தெர்ல."

"உங்கள மாதிரி யாரோ ஒரு கோட்டான் பைத்தியம்" என்று சிரித்தாள் கீர்த்தி. சிரித்திருக்கக் கூடாது. மறுநாளே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வாரமே ஹரியின் அப்பாவுக்குத் திருவள்ளூரில் கண் ஆபரேஷன். இரண்டு வாரம் அங்கே இருக்க வேண்டியதாயிற்று. அங்கேயும் காலையில் எழுந்ததும் எண்ணினான். "நாப்பது நாளு ஆயிட்ச்சி. இன்னும் பத்து நாள்ல பறந்துடும். அதுக்குள்ள நாம போயிரணும்."

நாற்பத்துமூன்றாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, இருவருமாகப் போனார்கள். மாந்தோப்பு வேலியோரம் ஏழெட்டு பைக்குகளும் இரண்டு ஆட்டோக்களும் நின்றிருந்தன. ஏரிக்கரை மேல் ஏறும்போதே ஒலிபெருக்கிப் பாட்டு காதை அடைத்தது. அரிவாள்மூக்கன் ஒன்றுகூட இல்லை. முள் பாதையை யாரோ வெட்டி அகலமாக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் செடி தெரியவில்லை, மஞ்சள் துணிதான் தெரிந்தது. ஒவ்வொரு துணியிலும் ஒரு முடிச்சு.

ஆலமரத்தடியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். இருபது முப்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். பக்கத்தில் ஓர் அம்மாள் தேங்காய், கற்பூரம், கிழித்த மஞ்சள் துணி எல்லாம் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்து வேர்க்கடலைக் கொல்லைக்காரி, பெயர் செல்லியம்மா என்று அவளே சொன்னாள்.

"இங்க இன்னாக்கா விசேஷம்?" என்று கேட்டாள் கீர்த்தி.

"உனக்குத் தெரியாதா? யாரோ ஒரு மகராசி புள்ளைக்கோசரம் வேண்டிக்கினு அந்தாண்ட ஏரிக்கரலேர்ந்து இந்த மரம் வரைக்கும் மஞ்சத்துணி முடிஞ்சிக்கினே வந்துகிறா. புத்தூரு பொண்ணு ஒன்னு, எட்டு வருசமா வயித்துல ஒன்னும் தங்கல, ஆடு தேடிக்கினு வந்தவ அதப் பாத்துட்டு தானும் ஒன்னு கட்டிட்டுப் போச்சி. அந்த மாசமே நின்னுட்ச்சி! இப்ப கூட்டத்தப் பாரு."

ஹரி அதைக் கேட்கவில்லை. பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பாறையைத் தேடிக்கொண்டிருந்தான். "மேல கோட்டான் இருந்துச்சே?" என்றான்.

"சாமி எடத்துல கோட்டான் கத்தனா ஆவுமா? பசங்க கல்லுட்டு அடிச்சித் தொரத்திட்டாங்க. குஞ்சி ஒன்னு கீழ வுழுந்து செத்துப் போச்சி. வெள்ளிக்கெழம."

"நாப்பத்தொன்னாவது நாளு" என்றான் ஹரி, யாரிடமும் இல்லாமல். பைனாகுலர் பாறையோரமாக நகர்ந்தது. பிறகு ஓரிடத்தில் நின்றது. "கீர்த்தி. இன்னொன்னு இருக்குது. சின்னது. இடுக்குல ஒட்டிக்கினு இருக்குது. தாய் அந்தாண்ட பனமரத்துல உக்காந்துக்கினு கிது, சத்தத்துக்குக் கிட்ட வரமாட்டேங்குது." அவள் கையைப் பிடித்தான். அந்தப் பிடியில் கை வலித்தது. "பத்து நாளு இவங்க வராம இருந்தா போதும், பொழச்சிக்கும். நீ சொல்லு. வழிக்கிக் கட்டனதுன்னு சொல்லு, வேண்டுதலு இல்லன்னு சொல்லு. நீ சொன்னா போயிருவாங்க."

அவள் தயங்குவதற்குள் அவனே செல்லியம்மாவிடம் திரும்பினான். "அக்கா, மொதல்ல அந்தத் துணியக் கட்டனது இவதான். அது வந்து—"

மீதியை யார் கேட்டது? செல்லியம்மா கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நீயா தாயீ!" என்று கீர்த்தியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வரிசையைப் பார்த்துத் தெலுங்கில் கத்தினாள். யாரோ ஓடிப்போய் ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். வரிசை முழுவதும் கீர்த்தி பக்கம் திரும்பியது.

"புள்ளைக்கோசரம்தான கட்டன?" என்று கேட்டாள் செல்லியம்மா. "பலிச்சிதா தாயீ?"

ஹரி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான், சொல்லு என்று. உள்ளதைச் சொன்னாலே போதும். அந்தத் துணி பலிக்காத துணி. அதில் காசு முடிந்து யாருக்காக வேண்டிக்கொண்டாளோ அந்தப் பிள்ளை செத்துப்போயிற்று. அதைச் சொன்னால் இந்த இடத்தில் ஒரு ஈ காக்கை நிற்காது.

வரிசையின் முன்னால் ஒரு பெண் நின்றாள். இருபத்திரண்டு வயது இருக்கும். பாதி போட்ட முடிச்சோடு கை நின்றுவிட்டது. விரல் நடுங்கியது. அந்த நடுக்கம் கீர்த்திக்குத் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று ரூபாயை முடிந்தபோது அவளுக்கும் அப்படித்தான் நடுங்கியது. அந்தப் பெண் மூச்சு விடாமல் கீர்த்தியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பலிச்சிதுக்கா" என்றாள் கீர்த்தி.

குலவைச் சத்தம் எழுந்தது. ஓரமாக நின்றிருந்த பம்பை மேளக்காரன் அடிக்கத் தொடங்கினான், பாட்டு மறுபடி அலறியது. பனைமரத்திலிருந்து கோட்டான் பெரிய இறக்கையை விரித்து எழும்பி, ஏரிக்கு அப்பால் போய் மறைந்தது. அந்தப் பெண் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டு வந்து கீர்த்தியின் காலைத் தொட்டாள். செல்லியம்மா ஒரு தேங்காய் மூடியும் இரண்டு வாழைப்பழமும் அவள் முந்தானையில் போட்டு, "புள்ளைக்கிக் குடு" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தபோது ஹரி பக்கத்தில் இல்லை. பைனாகுலர் ஆலமரத்து வேரில், அவன் எப்போதும் உட்காரும் இடத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு பக்கமும் மஞ்சளாக இருந்த வழியில் அவன் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தான். வழி தெரியாது என்ற கவலை இனி அவனுக்கு இல்லை.

மெயின் ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றார்கள். "ஏங்க, அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்தா எனக்கு வாயே வர்ல" என்றாள் கீர்த்தி. "என் எடத்துல நீங்க இருந்தாலும் சொல்லிருக்க மாட்டீங்க. ஏதாவது பேசுங்க. திட்டவாவது திட்டுங்க."

அவன் அவள் முந்தானையில் இருந்த பழத்தைப் பார்த்தான்.

"பத்தொம்போது நாளு பலிச்சிது" என்றான்.

பஸ் வந்தது. அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இது நடந்து ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆகிறது. அவள் கைப்பேசியில் புதுப்புது இடமாகத் தேடி அவன் முன்னால் நீட்டுகிறாள். அவன் பார்ப்பதில்லை. அன்றைக்கு மூடிய வாயை இன்னும் திறக்கவில்லை.