நின்றே வெடித்த டயர்

"நம்ம கார் பறக்கிற வேகத்துக்கு ரேஸ் டயர்தான் தாங்கும்" என்று ஒரு வாரமாக ஓதி, மனைவியை டயர் கடைவரை அழைத்து வந்துவிட்டார் வங்கிக் குமாஸ்தா. ரேஸ் டயர் வாங்கினால் புது சோபாவை அவள் மறந்துவிட வேண்டியதுதான்.

கடைக்காரர் பழைய டயரைத் தடவினார்.

"சார், இது ஓடித் தேயல. வரியெல்லாம் அப்படியே இருக்கு. ஒரே இடத்துல நின்னு நின்னு ரப்பர் வெடிச்சிருக்கு."

குமாஸ்தா மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

"தினமும் காரைத் துடைப்பாரு, அண்ணே. அதையும் ஓட்டுறதுல சேர்த்துட்டார் போல" என்றாள் மனைவி. "வருஷம் முழுக்க வெயில்லயும் மழையிலயும் நிக்கத் தோதா, விலை கம்மியா நாலு போடுங்க. பக்கத்துல சோபா கடை எங்க இருக்கு?"

"டயர் கறுப்பாத்தான் இருக்கணும்" என்றார் குமாஸ்தா, கண்டிப்பாக.