சுரங்க வாயிலில் ஒரு கத்தி

வியாழக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டில் எண்ணெய் காய்ந்தால் எனக்கு வேலை ஓடாது. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் வியாழன்தோறும் எண்ணெய் காயத்தான் செய்யும். மாவைச் சின்னச் சதுரமாக வெட்டிப் பொரிக்கிற போர்சோக்கின் வாசனை செத்தவர்களுக்குப் போய்ச் சேரும். பசியோடு வாசலில் வந்து நிற்கிற அவர்கள் ஆறுதலாகத் திரும்பிப் போவார்கள். மற்ற வீட்டுக்காரர்களுக்கு ஆளைப் புதைத்த கப்ரு இருக்கிறது, அந்தப் பக்கம் பார்த்து ஓதலாம். என் ஓரகத்தி புருல்சாவுக்கு அதுவும் இல்லை. அவள் புருஷன் ஜோல்தோஷ், என் வீட்டுக்காரரின் அண்ணன், மேலே ஈயச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்த அன்று உள்ளே இருந்தவர். ஆளை எடுக்க முடியவில்லை. கம்பெனிக்காரர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சுரங்க வாயிலிலிருந்து தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அந்தத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கண்ணாடி தோற்றுவிடும். பாசி கிடையாது, தவளை கிடையாது, ஒரு பூச்சி கிடையாது. எங்கள் ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். கீழே ஆற்றோடு சேர்கிற இடத்தில் மட்டும் கல்லெல்லாம் காவி பூசிக் கிடக்கும். புருல்சாவுக்கு அந்தத் தெளிவே போதும். “அழுக்கே ஒட்டாத தண்ணி, சூரா. அவரு மனசு மாதிரி” என்பாள். அவர் மனசு எனக்கும் தெரியும். குதிரை ஆட்டத்தில் தோற்றுவிட்டு வந்தால் வாரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார். செத்தவரைப் பற்றி எதற்கு அதெல்லாம்.

வெள்ளம் வந்த அன்று காலையில் அவர் ரொட்டி அறுக்கிற கத்தியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். முதல் வியாழக்கிழமை, வயிற்றுப் பிள்ளையோடு மலை ஏறி, புருல்சா அந்தக் கத்தியை வாயிலில் ஓடுகிற தண்ணீருக்குள் வைத்துவிட்டு வந்தாள். அவருக்குப் பசிக்குமே, ரொட்டி அறுக்க வேண்டாமா என்றாள். அடுத்த வியாழன் போய்ப் பார்த்தால் கத்தியின் இரும்பெல்லாம் செம்பொன்னாக மாறியிருந்தது. அந்தச் சரிவில் அந்த வயிற்றோடு ஓடி வந்தாள். “பாரு சூரா. தொட்டுத் திருப்பிக் குடுத்திருக்காரு.” சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. அதற்குப் பிறகு ஆணி, லாடம், பூட்டு என்று வாரம் ஒன்றாகக் கொண்டுபோய் வைத்து எடுத்துவந்தாள். எல்லாம் அவள் ஜன்னல் விளிம்பில் வரிசையாக இருந்தது. சாயங்கால வெயில் அதில் படும்போது நான் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

மீரிம் பிறந்தாள். அப்பன் முகம் பார்க்காத பிள்ளை என்று ஊரே தூக்கிக் கொஞ்சியது. மூன்று வயது வரை நன்றாகத்தான் இருந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்க ஆரம்பித்தாள்; வளர்த்தி நின்றுபோனது; நேற்று சொன்ன வார்த்தை இன்று வாயில் வராது. ஐந்து வயதில் பட்டணத்து டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது என்றார். எங்கிருந்து ஏறுகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தவில்லை என்றால் மருந்து கொடுத்தும் வீண், மூளையைத் தின்றுவிடும் என்றார். புருல்சா பஸ்ஸில் பிள்ளையின் தலையை மட்டும் தடவிக்கொண்டே வந்தாள்.

தண்ணீரைச் சோதிக்கப் பட்டணத்திலிருந்து பெகிமாய் என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள். என் வீட்டு வாசல் குழாய், புருல்சா வீட்டு வாசல் குழாய் இரண்டிலும் பாட்டிலில் பிடித்தாள். குழாய் ஊற்று வேறு மலையிலிருந்து வருவது, அதில் கோளாறு இருக்காது என்றாள்.

“வேற எங்கயாவது தண்ணி எடுப்பீங்களாக்கா?”

புருல்சா இல்லை என்று தலையாட்டினாள். கதவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கேன் இருந்தது. அதன் கழுத்தில் காவி வளையம் படிந்திருந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அவள் போர்சோக்கில் ஒரு புளிப்பு இருக்கும். தயிர் ஊற்றிப் பிசைகிறாள், என்ன கைப்பக்குவம் என்று ஊரில் எல்லோரும் மெச்சுவோம். நானும் எத்தனை தின்றிருப்பேன்.

“அந்தக் கேன்ல இருக்கறதையும் பாத்துடும்மா” என்றேன்.

புருல்சா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். பெகிமாய் ஒரு காகிதத்தை அதில் முக்கினாள். உடனே சிவந்துபோனது. “இவ்வளவு புளிப்பா,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டவள் ஜன்னலில் இருந்த ஆணிகளைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. பாவம், நல்லபடியாகத்தான் விளக்கினாள். “மலைக்குள்ள காத்தும் தண்ணியும் சேந்து கல்லை அரிக்குதுக்கா. அந்தப் புளிப்புல ஈயம், செம்பு எல்லாம் கரைஞ்சு வெளிய வருது. அந்தச் செம்புதான் உங்க ஆணி மேல படியுது. ஆணியோட இரும்பு கரைஞ்சு தண்ணியோட போயிடுது. இடம் மாத்திக்குதுங்க, அவ்வளவுதான்.”

“உள்ள இருக்கற எல்லாத்தையும் கரைச்சுக் கொண்டு வருமா?” என்று கேட்டாள் புருல்சா.

“எல்லாத்தையும்தான்க்கா.”

அந்தப் பெண்ணின் தொடையில் கிள்ளலாமா என்றிருந்தது எனக்கு. புருல்சாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. அவர் அந்தத் தண்ணீரோடு வருகிறார் என்று அவள் இத்தனை நாள் நம்பியதற்கு, படித்த பெண் ஒருத்தியே வந்து ஆமாம் போட்டுவிட்டாள். “அதைத்தான் தினமும் ஒரு வாய் இவளுக்குக் குடுக்கறேன். ஒரு தடவை கூட மடியில வச்சுக் கொஞ்சலையே அந்த மனுஷன்” என்றாள்.

“அந்த ஒரு வாய்தான் பிள்ளையைக் கொல்லுதுக்கா.”

“பெத்த பிள்ளைக்கு அவரா விஷம் வைப்பாரு?”

பெகிமாய் பாட்டில்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை நான் வேலியோரம் துணி காயப்போடுகிற சாக்கில் நின்றேன். புருல்சா கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மலைப் பாதையும் குழாய்க்குப் போகிற வழியும் பிரிகிற இடத்தில் ரொம்ப நேரம் நின்றாள். உள்ளே மீரிம் வயிற்று வலியில் முனகிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. கேனை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய் ஒரு வாளியை எடுத்துவந்து குழாயடியில் வைத்தாள்.

மாவு பிசைந்தாள், பொரித்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இது வேற வாசனை. அவருக்கு அடையாளம் தெரியாது. வேற யாரோ வீடுன்னு போயிடுவாரு” என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. ஜன்னலில் இருந்த ஆணி, லாடம் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி என்னிடம் தள்ளினாள். கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு மலை ஏறினாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். “அங்கயே இருக்கட்டும்” என்றாள்.

கோடை முழுக்க அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மருந்தும் குழாய்த் தண்ணீருமாக மீரிமுக்கு முனகல் குறைந்தது. போன வார்த்தைகளில் சில திரும்பி வந்தன, சில வரவில்லை. முதல் பனி விழப்போகிற ஒரு வியாழக்கிழமை புருல்சா என்னைக் கூப்பிட்டாள். “மேல போய் அந்தக் கத்தி இருக்கான்னு பாரு. எடுத்துட்டு வராத. பாத்துட்டு மட்டும் வா.”

போனேன். தண்ணீர் அதே தெளிவு. கத்தி அங்கேயேதான் இருந்தது, பிடி, முனை எல்லாம் அப்படியே, முன்னைவிடச் சிவப்பாக. அல்லாவே என்று குனிந்து ஒரு விரலால் தொட்டேன். உள்ளே இரும்பு இல்லை. கத்தியின் வடிவத்தில் செக்கச்செவேல் என்று ஒரு சேறு மட்டும் இருந்தது. அது கலைந்து என் விரலைச் சுற்றிக்கொண்டு ஓடி, கீழே ஆற்றுப் பக்கம் போனது.

விரலைப் புல்லில் தேய்த்தேன், பாவாடையில் துடைத்தேன். சிவப்பு போகவில்லை. திரும்பிப் பார்த்தால் கீழே எங்கள் வீடுகள் தெரிந்தன, புருல்சா வீட்டிலிருந்து எண்ணெய்ப் புகை ஏறிக்கொண்டிருந்தது. அவள் வாசலில் நின்றாள். இடுப்பில் மீரிம். இரண்டு பேரும் அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சிவந்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினேன்.