உப்புப் பார்க்கிறவள்

நாற்பத்தேழு ஒரு கெட்ட வயது. கிழவி என்று பாவம் பார்க்கவும் மாட்டார்கள், இளசு என்று வேலைக்கு எடுக்கவும் மாட்டார்கள். கமீலாவுக்கு அது அந்த வருடம்தான் சரியாக விளங்கியது. குவைத்துக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் வயதைக் கேட்டுவிட்டு, “மகள் இருந்தா அனுப்புங்களேன்” என்றான். அந்த நாக்கை அறுத்துக் காகத்துக்குப் போட வேண்டும். நுரைச்சோலைப் பக்கம் துப்புரவு வேலைக்கு ஆள் சேர்க்கிற கொந்தராத்துக்காரன் அவள் நடந்து வந்த விதத்தைப் பார்த்தே தலையை ஆட்டிவிட்டான். வெங்காயத் தோட்டத்தில் நாள் முழுக்கக் குந்தியிருந்து களை பிடுங்க அவளுடைய முழங்கால் இடம் தராது. ஆக, அவளுக்கு மிச்சமாக இருந்தது ஒரே ஒரு வேலை. ஆலங்குடாக் கடற்கரையில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் ஓடுகிற வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டிய ஒரு சின்ன ஹோட்டலின் குசினி. இப்போது அதுவும் ஆட்டம் கண்டிருந்தது.

அந்த வருடம் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அதற்குப் பிறகு வெள்ளைக்காரர் ஒருவரும் வரவில்லை. சோளகக் காற்று மட்டும் வழக்கம்போல வந்து, ஆளில்லாத கடலில் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஹோட்டலில் மெத்தைகளைச் சுருட்டிக் கட்டினார்கள். தோட்டக்காரனை நிறுத்தினார்கள், படகுக்காரனை நிறுத்தினார்கள். கடைசியில் மிஞ்சியது மூன்று பேர். மனேஜர் நளீர், குசினியில் கமீலா, அறைகளைக் கூட்டித் துடைத்துவிட்டுக் குசினியிலும் கைகொடுக்கிற றோசமேரி.

நோன்பு பாதி கழிந்திருந்த ஒரு நாள் நளீர் குசினிக்குள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்தால் நல்ல செய்தி வராது.

“ஒராளுக்குத்தான் சம்பளம் ஈக்கிது,” என்றான். “சனிக்கிழமை முதலாளி கூட்டாளிமாரோட கொழும்பால வாறார். பகல் சாப்பாடு நம்மட பக்கத்துச் சாப்பாடா வேணுமாம். சாப்பிட்டுப் பார்த்துட்டு, யார் நிக்கிற என்டு சொல்லுவார்.”

 கணக்கு இரண்டு பெண்களுக்கும் தெரிந்ததுதான். றோசமேரிக்குப் பத்து வயது குறைவு. கூட்டுவாள், துடைப்பாள், துணி தோய்ப்பாள், ஒரு மாதிரியாகச் சமைக்கவும் சமைப்பாள். கமீலாவுக்குச் சமையல் ஒன்றுதான். அந்தச் சமையல் முதலாளியின் வாயைப் பிடித்து நிறுத்தினால் அவள் நிற்பாள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போவாள்.

வீட்டில் அஸ்கா இருந்தாள். ஆகஸ்ட் மாதம் உயர்தரப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளை. அவள் நாலாம் வகுப்புப் படிக்கும்போது வாப்பா புத்தளம் டவுனில் இன்னொரு கலியாணம் முடித்துக்கொண்டு, கமீலாவைத் தலாக் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைக்கு மாதாமாதம் செலவு அனுப்புவேன் என்று சொன்னார். சொன்னார், அவ்வளவுதான். மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்த கமீலாவுக்கு இன்னொரு தரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவது புதிதில்லை. ஆனால் அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. இப்போது மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது. அவள் களைத்துப் போயிருந்தாள். தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு அது.

றோசமேரிக்கும் பூங்காவனம் ஒன்றும் இல்லை. இரண்டு பிள்ளைகள். புருஷனும் இருந்தான், அநேகமாகச் சாராயக் கடையில்.

அந்தக் குசினியில் நோன்பு காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. கமீலா நோன்போடு சமைப்பாள். வாசனை பிடித்துத் தூள் போடுவாள், கண்பார்த்துப் பால் ஊற்றுவாள். உப்பு மட்டும் றோசமேரியின் நாக்குக்கு உரியது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று மௌலவி சொல்லியிருக்கிறார். ஆனாலும் கமீலாவுக்கு மனம் இடம் கொடுக்காது. சின்ன வயதிலிருந்து பகலில் எதையும் வாயில் வைத்ததில்லை. ஆகவே கரண்டியில் ஒரு சொட்டை எடுத்து ஊதி நீட்டுவாள். றோசமேரி உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, “காணும்” என்றோ “கொஞ்சம் போடுங்க” என்றோ சொல்வாள். மூன்று நோன்பு இப்படிப் போயிற்று. ஒரு ஆணம், ஒரு குழம்பாவது உப்புப் பிழைத்ததில்லை.

இந்த வருடம் ஈஸ்டருக்குப் பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டார்கள். றோசமேரி பூசைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தாள். குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்பதால், கமீலாவின் கைப்பையை ஆமிக்காரர் சந்திக்குச் சந்தி கொட்டிப் பார்த்தார்கள்.  தலைநோன்பு அன்று றோசமேரிதான் அடுப்படிக்கு வந்து, “உப்புப் பார்க்கவா, ராத்தா?” என்று கேட்டாள். கமீலா கரண்டியை நீட்டினாள். அதோடு அந்தக் கூச்சம் போய்விட்டது.

சனிக்கிழமை காலையிலேயே கமீலா கடற்கரைக்குப் போய்ப் பாரை மீன் வாங்கி வந்தாள். தேங்காய்ப்பால் விட்ட மீனாணம்தான் அவளுடைய கைவரிசை. பருப்பும் சம்பலும் றோசமேரியின் பொறுப்பு. முதலாளியும் கூட்டாளிமாரும் வந்து கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். நளீர் வாசலுக்கும் குசினிக்கும் இடையே நெருப்பை மிதித்தவன் மாதிரி ஓடிக்கொண்டிருந்தான்.

ஆணம் முதல் கொதி வந்தபோது போன் அடித்தது. அஸ்கா.

“உம்மா, வாற மாசம் டியூசன் வகுப்புக்கு வாறதா இல்லையா என்டு சேர் இண்டைக்குக் கேக்கிறார். வேற பிள்ளைக்கு இடம் குடுக்கணுமாம். நான் என்ன சொல்ல?”

கமீலா போனைத் தோளில் இடுக்கியபடி உப்புப் போத்தலின் மூடியைத் திறந்தாள்.

“ஒண்டும் சொல்லாதீங்க மகள். நாளைக்குச் சொல்றன் என்டு சொல்லுங்க.”

“நிப்பாட்டினாலும் பரவாயில்ல உம்மா. நான் வீட்டிலயே படிப்பன்.”

பிள்ளை அதை அழாமல் சொன்னதுதான் கமீலாவுக்குத் தாங்கவில்லை. கத்தியிருந்தால் திட்டியிருக்கலாம். “வாயை மூடிக்கொண்டு போய்ப் படிங்க,” என்று போனை வைத்தாள். மூடியையும் போத்தலில் வைத்துத் திருகினாள். பிறகு இரண்டாம் பாலை ஊற்றினாள், தலைப்பாலை ஊற்றினாள், அடுப்பைத் தணித்தாள். கரண்டியை றோசமேரியிடம் நீட்டினாள்.

றோசமேரி நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். “ராத்தா, உப்பே இல்ல.”

“என்ன கதை இது? நான் போட்டன்.”

“போடல்ல போல இருக்கு. மறுபடி பார்க்கவா?”

கமீலா போத்தலைப் பார்த்தாள். மூடியைத் திறந்தது நல்ல ஞாபகம். மூடியதும் ஞாபகம். இடையில் போடாமலா இருந்திருப்பாள்? முப்பது வருடம் அடுப்படியில் நின்ற கை அது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வந்ததும் அவளை விடவில்லை. இவள் இன்னொரு கை உப்புப் போடச் சொல்கிறாள். போட்டால் ஆணம் உப்புக் கரிக்கும். முதலாளி ஒரு வாய் வைத்துத் துப்புவார். பிறகு யார் நிற்பது?

நாக்கு நுனியில் வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் கோபம் வந்த பிறகு யாருக்கு நிதானம் வருகிறது?

“எனக்குத் தெரியும் நான் போட்டது. நீ உன்ட பருப்பைப் பாரு.”

“ராத்தா, நான் சொல்றதைக் கேளுங்க...”

“என்ட சட்டியில கை வைக்காத, றோசமேரி.”

வழக்கமாக அவள் ‘றோசா’ என்றுதான் கூப்பிடுவாள். முழுப்பேரைக் கேட்டதும் றோசமேரியின் முகம் மாறியது. அவள் கமீலாவை ஒரு தரம் நேராகப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். நளீர் வாசலில் நின்று “சாப்பாடு, சாப்பாடு” என்று கத்தினான். கமீலா ஆணத்தைக் கோப்பையில் ஊற்றி மேசையில் வைத்துவிட்டு, லுஹர் தொழச் சாமான் அறைக்குள் போனாள். மேசைக்குக் கொண்டுபோவது றோசமேரியின் வேலை.

தொழுகையா அது? நெற்றியை நிலத்தில் வைத்தால் உப்புப் போத்தல் வந்து கண்ணுக்குள் நின்றது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

வெகுநேரம் கழித்து நளீர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். “ராத்தா, கோப்பையை வழிச்சுத் திண்டுட்டாங்க. மீனாணத்துக்காகவே ஒவ்வொரு மாசமும் வரலாம் என்டு முதலாளி சொல்றார். நீங்க நில்லுங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “றோசமேரிக்குச் சொல்லிட்டன். இண்டையோட கடைசி,” என்றான்.

கமீலா சுவரில் சாய்ந்துகொண்டாள். உடம்பு முழுக்க ஒரு நிம்மதி ஓடியது, வெட்கமில்லாத நிம்மதி. நான் சொன்னது சரி, உப்புப் போட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். றோசமேரி அந்திவரை வாய் திறக்காமல் பாத்திரம் கழுவினாள், முதலாளிமார் படுத்தெழும்பிய அறைகளைத் துப்புரவு செய்தாள். 

கார்கள் போய்விட்டன. மகரிப் பாங்கு கேட்டது. கமீலா பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்து, சட்டியில் மிஞ்சிய ஆணத்தைச் சோற்றில் விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

உப்பே இல்லை.

இன்னொரு வாய் வைத்தாள். வெறும் பாலும் மீனும் தூளும்.  அவள் பீங்கானை வைத்துவிட்டு எழுந்தாள்.

றோசமேரி பின்வாசல் மணலில் நின்று, தன் பழைய செருப்பையும் வேலைக்கு உடுத்தும் சட்டையையும் ஒரு பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

“றோசா, ஆணத்தில உப்பில்ல.”

“அதைத்தானே நானும் சொன்னனான்.”

“அப்ப அவங்க சாப்பிட்டது?”

“வேற தாச்சியில ஊத்தி, உப்புப் போட்டு, ஒரு கொதி விட்டுக் குடுத்தன். உங்கட சட்டியில கை வைக்கல்ல.”

கமீலாவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. “அப்படியே கொண்டுபோய் வச்சிருந்தா வேலை உனக்குத்தானே?”

“தெரியும்.” றோசமேரி பையின் வாயைக் கட்டினாள். “கோப்பையோட பாதி வழி போனன். போகேக்க அதைத்தான் யோசிச்சன். என்ட ரெண்டு பிள்ளையையும் யோசிச்சன். பிறகு திரும்பி வந்திட்டன். ஒரு மனுசி வெறும் வயித்தோட அடுப்படியில நிண்டு சமைச்சதை, அவங்க துப்புறதை எனக்குப் பாக்க ஏலாது.”

“றோசா...”

“வேலை போனதுக்கு நான் அழல்ல, ராத்தா. இது இல்லாட்டி மீன் காயப்போடப் போவன். நீங்க என்னைப் பாத்த பார்வை இருக்கே. மூண்டு நோன்பு உங்களுக்கு உப்புப் பாத்தனான். ஒருநாள் பொய் சொன்னனா?”

“இல்ல.”

“பிறகு ஏன்?”

“பயம்,” என்றாள் கமீலா.  கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. “வயசு போயிட்டு றோசா. இதை விட்டா என்னை ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. பயத்தில நெனச்சிட்டன்.”

“எனக்கு மட்டும் பயம் இல்லையா?”

கடற்காற்று இருவருடைய உடுப்பையும் இழுத்தது. கமீலா மூக்கை உறிஞ்சினாள். “நான் நளீர்ட்டப் போய்ச் சொல்றன். உப்பை நான் மறந்தது, நீதான் சரிப்பண்ணினது, எல்லாத்தையும் சொல்றன்.”

வேண்டாம் ராத்தா என்று றோசமேரி சொல்வாள் என்று அவள் எதிர்பார்த்தாள். மனதுக்குள் அந்த எதிர்பார்ப்பு இருந்தபடியால்தான் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது.

“சொல்லுங்க,” என்றாள் றோசமேரி.

நளீரின் அறையில் வெளிச்சம் எரிந்தது. அவன் போனில் சிரித்துக் கதைப்பது இங்கே கேட்டது. கூப்பிட்டால் வந்துவிடுவான். றோசமேரி பையை மணலில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஏளனம் இல்லை. உண்மையாகவே காத்துக்கொண்டிருந்தாள்.

கமீலா அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். ஒரு அடி வைத்தாள். ‘நான் வீட்டிலயே படிப்பன்’ என்ற குரல் காதுக்குள் வந்தது. நினைப்பில் ஏஜென்சிக்காரன் வந்தான், கொந்தராத்துக்காரன் வந்தான். அடுத்த அடி வரவில்லை. முழங்கால் என்று சொல்லிக்கொள்ளலாம். முழங்கால் அல்ல.

றோசமேரி நெடுநேரம் நின்றாள். பிறகு குனிந்து பையை எடுத்தாள்.

“சரி, ராத்தா. நான் வாறன்.”

அவள் கடற்கரை ஓரமாகவே நடந்தாள். கமீலா கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது?

வீட்டில் அஸ்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். நோன்பு திறந்த கஞ்சிக் கோப்பை கையிலேயே இருந்தது. பாதிகூடக் குடிக்கவில்லை.

“என்ன உம்மா சொன்னாங்க?”

“நிக்கச் சொல்லிட்டாங்க, மகள்.”

பிள்ளை கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். அவளுடைய உடம்பு நடுங்கியது. இத்தனை நாளும் பரவாயில்லை பரவாயில்லை என்று சொன்னவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று கமீலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள் அஸ்கா. சொல்லிவிட்டு, உம்மாவும் சொல்வதற்காக முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

கமீலாவுக்குக் கடற்கரையில் நடந்துபோன முதுகு கண்ணுக்குள் நின்றது. பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கமீலாவும் சொன்னாள்.