மாக்ரெட் சொன்ன பெயர்

கொட்டாஞ்சேனையில் பெரிய வீடொன்றோடு ஒட்டிய ஒரு சின்ன அனெக்ஸில் மாக்ரெட்டும் மகன் திலக்ஷனும் தம்பி கொன்ஸ்ரன்ரைனும் இருந்தார்கள். மாக்ரெட்டின் கணவன் இறந்த பிறகு தம்பி அவளோடு வந்து தங்கினான். அவன் துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓட்டினான். அடுத்த ஜனவரியில் அவனுக்கும் ரொஷேல் என்ற பெண்ணுக்கும் கலியாணம் என்று முடிவாகியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை பொலிஸார் வந்தார்கள். ஹோலில் தம்பி படுக்கும் கட்டிலுக்குக் கீழே, உடுப்புப் பெட்டிக்குப் பின்னால் செருகியிருந்த ஒரு பார்சலை இழுத்தெடுத்தார்கள். பன்னிரண்டு கிராம் ஐஸ் போதைப்பொருள். அதை யார் வைத்தது என்று மாக்ரெட்டுக்குத் தெரியும். முந்தின நாள் பின்னேரம் திலக்ஷன் அந்தக் கட்டிலடியில் குனிந்து எதையோ செருகியதைக் கண்டிருந்தாள். ஆறு மாதமாக அவன் மெலிந்துகொண்டு போனதையும் கண்டிருந்தாள். எதையும் கேட்கவில்லை.

"மேக காகேத?" இது யாருடையது என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

திலக்ஷனுக்கு இருபத்தொரு வயது. சுவரோடு சாய்ந்து நின்றான். தாயையே பார்த்தான்.

"மல்லிகே," என்றாள். தம்பியுடையது.

"அக்கா, என்ன சொல்றீங்க?"

கொன்ஸ்ரன்ரைன் சத்தம் போடவில்லை. தன் காதில்தான் பிழையாக விழுந்துவிட்டதோ என்பதுபோலக் கேட்டான். பொலிஸ் நிலையத்தில் அவள் அதையே திரும்பச் சொல்லிக் கையெழுத்தும் வைத்தாள்.

அவனுக்குப் பிணை கிடைக்கவில்லை. தீர்ப்பில்லாமலே விளக்கமறியல் சிறையில் ஒரு வருடம் போனது. ரொஷேல் அதுவரை காத்திருந்தாள். பிறகு நுகேகொடைப் பக்கம் வேறொருவனைக் கட்டிக்கொண்டு போனாள். இரண்டாவது வருடமும் போனது. மாக்ரெட் ஒரு நாளும் தம்பியைப் பார்க்கப் போகவில்லை. மகன் இந்தப் பயத்திலாவது திருந்துவான் என்று நினைத்தாள். அவன் திருந்தவில்லை. முதலில் வீட்டு மிக்சர் மெஷின் காணாமல் போனது, பிறகு அவளுடைய தாலிக்கொடி.

ஒரு நாள் சிறையிலிருந்து விடுதலையான ஒருவன் வீடு தேடி வந்தான். உள்ளே நடந்த அடிபிடியில் கொன்ஸ்ரன்ரைனுக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது என்றான்.

"தம்பி சொல்லி அனுப்பினவனா?" என்று கேட்டாள்.

"இல்ல அக்கா. அவர் உங்கட பேரையே எடுக்கிறதில்ல. நானாத்தான் வந்தனான்."

அந்தச் சனிக்கிழமை அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"எனக்கு வேற வழி இருக்கேல்ல ஃபாதர். பெத்த பிள்ளை."

"இருந்தது மகள்," என்றார் பாதிரியார். "பேசாம நிண்டிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீங்க தம்பியைக் காட்டிக் குடுத்தீங்க. அதைச் செய்தது நான்தான் எண்டு ஒத்துக்கொள்ளுங்க. பழியை விதியில போடாதீங்க, பிசாசிலயும் போடாதீங்க."

"எனக்குப் பாவமன்னிப்புக் கிடைக்குமா?"

"கிடைக்கும். மனம் வருந்தினா கடவுள் மன்னிப்பார். ஆனா தம்பி இன்னும் உள்ளுக்குத்தான் இருக்கிறார். அவரை வெளியில எடுக்கிறது உங்கட கையில. நான் உங்களை இழுத்துக்கொண்டு போக ஏலாது. கடவுளும் அப்பிடிச் செய்யமாட்டார்."

போ என்று அவர் கட்டளையிட்டிருந்தால் லேசாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னாள். "திங்கட்கிழமை லோயரிட்டப் போறன். நீயும் வா. நீயே சொன்னா நல்லது."

"சரி மம்மி," என்றான் திலக்ஷன். மறுநாள் அவள் பூசைக்குப் போய் வந்தபோது அவனும் இல்லை, அவனுடைய பையும் இல்லை.

புதுக்கடை நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்த சட்டத்தரணி அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார். "பொய் சொன்னதுக்கு உங்களுக்கு எதிரா வழக்கு வரும். மகனையும் பிடிப்பாங்க. யோசிச்சிட்டு வாங்க."

"யோசிச்சு முடிஞ்சுது சேர். எழுதுங்க."

அவள் நீதிமன்றத்தில் எல்லார் முன்னாலும் மகனின் பெயரைச் சொன்னாள். முதலில் அது யாருக்கும் கேட்கவில்லை; நீதவான் இரண்டு தரம் திரும்பச் சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகும் தம்பி வெளியே வர ஐந்து மாதம் எடுத்தது. வாசலில் காத்து நின்றவளை அவன் பார்க்காமலே கடந்து போனான். வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்து, ஹார்ட்வெயார் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டு முறை அவள் போய்த் தட்டினாள். இரண்டு முறையும் அவளைக் கண்டதும் கதவைச் சாத்தினான்.

அதன் பிறகுதான், களுபோவிலையில் ஒரு நண்பனின் அறையில் இருந்த திலக்ஷன் பிடிபட்டுச் சிறைக்குப் போனான். முதல் மூன்று வாரமும் தாயைச் சந்திக்க மறுத்தான். நான்காவது வாரம் சந்திக்கும் கம்பிக்கு அருகே வந்தான்.

"நீங்க என்னை வித்துப்போட்டீங்க மம்மி."

அவள் கம்பிக்கு இன்னும் நெருங்கி நின்றாள்.

"மாமா வந்தவர்," என்றான் பிறகு. "சோப்பும் துவாயும் கொண்டுவந்தவர். ஆரோட சேரக்கூடாது, எங்க படுக்கவேணும் எண்டு சொல்லித் தந்தவர். ஒரு வார்த்தை ஏசேல்ல." அவன் முகத்தைத் துடைத்தான். "நான் குற்றத்தை ஒத்துக்கொள்ளப்போறன். மாமா கேக்கேல்ல. நானாத்தான்."

அன்று பின்னேரம் அவள் நேரே வெள்ளவத்தைக்குப் போனாள். கொன்ஸ்ரன்ரைன் கதவைத் திறந்து, வலது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான்.

"ஏன் அவனைப் பாக்கப் போனனீ?"

"போகாம விட்டிருக்கலாம். மூண்டு நாள் யோசிச்சனான். முதல் மாசம் அங்க எப்பிடியெண்டு எனக்குத் தெரியும்." கதவின் பிடியை விடாமல் சொன்னான்: "உங்களை மன்னிச்சிட்டன் எண்டு சொன்னா அது பொய், அக்கா. இப்போதைக்கு ஏலாது."

"தெரியும்."

அவன் கதவைச் சாத்தவில்லை. உள்ளே கூப்பிடவும் இல்லை. அவள் நின்றுகொண்டேயிருந்தாள். சற்றுக் கழித்து ஒரு கதிரையைத் தூக்கி வந்து வாசலுக்கு வெளியே வைத்தான். அவள் உட்கார்ந்தாள்.

"உங்கட வழக்கு எப்ப?"

"பதினாலாந் திகதி."

"தனியவா போறீங்க?"

"ஓம்."

அவன் உள்ளே போகாமல், கதவு நிலையில் சாய்ந்தபடி அங்கேயே நின்றான்.