ஏணி மேல் வழக்கில்லை

"கையெழுத்துப் போடுங்க. ஒரு வரிதானே?" என்று அவள் புகார்த் தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த கணவன் பேனாவைத் தொடவில்லை. ஒரு கால் இல்லாமல் தட்டையாகக் கிடந்த போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதிர்வீட்டுக்காரன் என்னைத் தள்ளலடி. ஏணி வழுக்குச்சு, விழுந்தேன். தூக்கிட்டு ஓடுனதே அவன்தான்."

"எனக்குத் தெரியாதா?"

வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் கட்சியின் வட்டச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். தெருவே அவரை 'வட்டம்' என்றுதான் சொல்லும். நாலு மாதத்துக்கு முன் தலைவர் வருகைக்குப் பேனர் கட்ட இவனை ஏணியில் ஏற்றியவர் அவர்தான். விழுந்தவனைப் பார்க்க மூன்றாம் நாள் போட்டோக்காரரோடு வந்தார். அதுவரை ரத்தம் கொடுத்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் விழுந்து கிடந்தவன் எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன். எதிர்க்கட்சிக்காரன் வேறு. இப்போது தேர்தல் வந்துவிட்டதால் அவன்தான் ஏணியைத் தள்ளினான் என்று கட்சி கண்டுபிடித்திருந்தது.

"ஏணி வழுக்குச்சுன்னு மேடையில பேச முடியுமா தம்பி? ஏணி மேல கேஸ் போட முடியுமா?" என்று வட்டம் சிரித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "மருந்துக் கிடங்குல ஸ்டோர் வேலை. நம்ம கட்சி லெட்டர் இல்லாம அந்த கேட்டுக்குள்ள ஈகூட நுழையாது தங்கச்சி. லெட்டர் ரெடியா இருக்கு."

அவர் சொன்னது பொய்யில்லை. எட்டு வருடம் ஸ்டோரில் வேலை பார்த்தவள் அவள். கிடங்கின் ஆன்லைன் தேர்வில் முதல் மார்க். ஒரு மாதமாகியும் நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை. கேட்டில் போய் நின்றபோது காவலாளி மார்க்கைக் கேட்கவில்லை, லெட்டரைத்தான் கேட்டான். அந்த வேலை கிடைத்தால் குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு. கணவனின் மிச்சக் காலில் புண் சீழ் பிடித்திருந்தது. ஆபரேஷன் செய்யாவிட்டால் அதுவும் போகும் என்று டாக்டர் சொல்லி இருபது நாளாகிறது.

அவன் கையெழுத்துப் போட்டான்.

அன்று சாயங்காலமே எலெக்ட்ரீஷியனைச் சட்டைகூடப் போடவிடாமல் போலீஸ் இழுத்துப் போனது. அவன் மனைவி தெருவைத் தாண்டி ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, யாரோ பொய்ப் புகார் குடுத்திருக்காங்க. அண்ணன் ஒரு வார்த்தை வந்து சொன்னா விட்டுருவாங்க அக்கா!"

"அவரு தூங்குறாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். உள்ளே அவன் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தான்.

மூன்றாம் நாள் நேர்காணல். குளிரூட்டிய அறையில், மடிக்கணினிக்குப் பின்னால் ஓர் அதிகாரி அம்மா. இவள் நீட்டிய லெட்டரைப் படித்தாள்: 'எதிர்க்கட்சியினரின் தாக்குதலில் காலை இழந்த தொண்டரின் மனைவி.' இரண்டாம் தடவையும் படித்தாள்.

"மார்க் உங்களுக்குத்தான் அதிகம். ஆனா அரசியல் கேஸ்ல சம்பந்தப்பட்ட குடும்பத்துல ஆள் எடுக்கக் கூடாதுன்னு எங்க கம்பெனியில விதி இருக்கு."

"நாங்க புகார் குடுத்தவங்கதானே மேடம்?"

"குடுத்தாலும் வாங்கினாலும் கேஸ் கேஸ்தான்."

"லெட்டர் கேட்டது நீங்கதானே?"

அதிகாரி அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "லெட்டர் கேக்குறது வழக்கம்மா. அதை எங்கயும் எழுதி வைக்கிறதில்லை. விதி எழுத்துல இருக்கு."

வெளியே வந்தபோது வட்டத்தின் அண்ணன் மகள் நியமன உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமா சித்தப்பா, ஃபாரத்துல கட்சித் தொடர்பு இருக்கான்னு கேட்ட இடத்துல இல்லைன்னுதான் போட்டேன்" என்று சிரித்தாள்.

இவள் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. வீடுவரை நடந்தே வந்தாள். வயிறு எரிந்தது. யார்மேல் எரிகிறது என்று பார்த்தால், முதலில் தன்மேல்தான் எரிந்தது.

"கெடைச்சுதா?" என்றான் கணவன்.

ஆணியில் தொங்கிய அவன் சட்டையை எடுத்தாள். "எந்திரிங்க. ஸ்டேஷனுக்குப் போறோம். அவன் தள்ளலைன்னு எழுதிக் குடுங்க."

"மாத்திச் சொன்னா பொய்ப் புகார்னு என்னைப் பிடிச்சு உள்ள போடுவாங்கடி."

"போடட்டும்" என்று அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு கையைச் சட்டைக்குள் நுழைத்தாள். "ஜெயிலுக்குள்ள இருக்குறவனுக்கு சர்க்கார்தான் வைத்தியம் பாக்கணும். மிச்சக் கால் பொழைக்க எனக்குத் தெரிஞ்சு வேற வேலை எங்கயும் காலி இல்லை."