கடல் தள்ளிப்போன தேவாலயம்

1.

வசந்தமலர் ஒருநாளும் சப்பாத்து நாடாவை அவிழ்ப்பதில்லை. கட்டியபடியே குதியை மிதித்துக் கழற்றுவாள். போடும்போது கரண்டிக் காம்பை உள்ளே விட்டுக் காலை நுழைப்பாள். ஒஸ்லோவின் பழைய நகர இடிபாடுகளைப் பார்க்கப் போன ஞாயிறும் அப்படித்தான் கழற்றினாள். அந்த வாரமே மூளையில் இரத்தம் கசிந்து இறந்துபோனாள், என் மனைவி. இந்தக் கதை அந்தச் சப்பாத்தில்தான் தொடங்கியது. வேறெங்கோ தொடங்கியதுபோல் பாவனை செய்ய மனமில்லை.

(முதலில் எழுதியது: "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், நோர்வேயின் முதல் கிறிஸ்தவர்கள் இந்தக் கரையில்—". அடித்துவிட்டேன். அது அறிவிப்புப் பலகையின் குரல்.)

2.

அங்கே தேவாலயம் என்று மிஞ்சியிருப்பவை தாழ்ந்த கற்சுவர்கள். கூரையில்லை, கதவில்லை, உள்ளே புல். பக்கத்தில் அகன்ற தண்ணீர். வசந்தமலர் அதில் கால் கழுவி, வாசல் இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, வெறுங்காலுடன் உள்ளே போனாள்.

"சுவரைத் தாண்டி வாருமன்," என்றேன்.

"கோயில் எண்டால் வாசலாலை போக வேணும். சுவர் இடிஞ்சால் சாமி எழும்பிப் போயிடுமே?"

"அது அவையின்ரை சாமி."

"அவருக்கும் ஊத்தைக் கால் பிடிக்காது."

திரும்பும்போது தண்ணீரைப் பார்த்து நின்றாள். "இஞ்சருங்கோ, கீரிமலைக் கோயில் மாதிரிக் கடல் பக்கத்திலையே நிக்குது. நான் செத்தால் இதிலையே கரைச்சு விடுங்கோ."

"முதல்லை சப்பாத்தைப் போடும். ரயில் போகப்போகுது."

(கீரிமலை, யாழ்ப்பாணத்தில் எங்கள் சாம்பல் கரைகிற கடற்கரை. இது நடந்த 2007இல் அது இராணுவ வலயத்துக்குள் கிடந்தது.)

3.

அது கடல் இல்லை.

சாம்பல் கரைக்க அனுமதி கேட்டபோதுதான் தெரிந்தது: பூங்காவுக்காக வெட்டிய குளம். சில வருடங்களுக்கு முன் வெட்டியது. ஃபியோர்டு என்கிற கடற்கழியில் கரைக்கலாம், குளத்தில் கூடாது என்றார்கள். நான் எதிலும் கரைக்கவில்லை. "இதிலையே" என்று சொல்லிவிட்டுப் போனவளிடம் எப்படி— (இந்த வாக்கியத்தை மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன். அப்படியே கிடக்கட்டும்.)

பனி வந்து போனது. வசந்தத்தில் மகள் மிதுனா என்னை மறுபடி அங்கே கூட்டிக்கொண்டு போனாள்.

"இந்த ஸ்கில்டை வாசிச்சனீங்களோ, அப்பா?"

"பலகையெல்லாம் ஆர் வாசிக்கிறது."

"அந்தக் காலத்திலை கடல் இஞ்சை வரைக்கும் இருந்ததாம். அதைக் காட்டத்தான் குளம் வெட்டினவை." ரயில் பாதைக்கும் பெருந்தெருவுக்கும் அப்பால் மினுங்கிய ஃபியோர்டைக் காட்டினாள். "அம்மா கடலைத்தான் கேட்டவ. அது கொஞ்சம் தள்ளிப் போயிட்டுது. நாங்களும் தள்ளிப் போவம்."

(இந்த வசனம் கதைக்கென்று செய்ததுபோல் இருக்கிறது என்று எனக்கே சந்தேகம். ஆனால் நான் செய்திருந்தால், மிதுனா அதைச் சூயிங்கம் மென்றபடி சொல்லியிருக்க மாட்டாள்.)

எனக்குச் சிரிப்பு வந்தது. வசந்தமலர் போன பிறகு முதல் தடவை.

4.

ஒரு பிரதியில், நான் தனியாகப் போய்க் குளத்திலேயே களவாகக் கரைக்கிறேன். வாத்துகள் சிதறுகின்றன. நன்றாகத்தான் வந்திருந்தது. நடக்கவில்லை.

நடந்தது: சின்னப் படகு, அமைதியான தண்ணீர், மிதுனாவின் கையில் ஒரு பை நிறையப் பூ. நடுக்கடலில் இருந்து பார்த்தால் அந்தச் சுவர்கள் தெரியவில்லை. அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து, கேட்டு வாங்கி இரண்டாம் தரமும் சோறு சாப்பிட்டேன்.

"இதிலையே கரைச்சு விடுங்கோ" என்று வசந்தமலர் பகிடியாகச் சொன்னாளா, உண்மையாகவா என்பதை நான் எழுதப் போவதில்லை. அவளுடைய குரலை மேலே அப்படியே வைத்திருக்கிறேன். வாசித்து நீங்களே முடிவு சொல்லுங்கள். எதுவென்றாலும் எனக்கு இப்போது சரி.

சப்பாத்து ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. நாடாவில் அவள் போட்ட இரட்டை முடிச்சு.