பொதுலைனில் ஒரு கடவுச்சொல்

மியெர்லா நிலக்கரிச் சுரங்கத்தின் ஏழாம் மட்டத்தில் காற்றுக் குழாயின் இரைச்சல் நின்றபோது மணி இரண்டு பத்து. இரண்டாம் ஷிப்ட் ஆட்களை இறக்க லிஃப்ட் கூண்டு கிளம்பும்போதெல்லாம் மின்சாரம் ஒரு கணம் மங்கிப் பிழைக்கும். இந்தத் தடவை முழுதாகவே செத்து, பத்து நொடி கழித்து மேலே மட்டும்தான் பிழைத்தது. கீழே விசிறி திரும்பச் சுற்றவில்லை.

சென்சர் கம்பியைப் பார்க்க இறங்கியிருந்த லுக்ரேசியா, சுரங்கத்தின் கம்ப்யூட்டர்காரி, சுவர்த் தொலைபேசியை எடுத்தாள். அவள் தம்பி ட்ராயானும் அவன் குழுவில் ஐந்து பேரும் மண்வாரியைப் போட்டுவிட்டு அவள் வாயையே பார்த்தார்கள்.

"தமஸ்கின் அண்ணே, மீத்தேன் எவ்வளவு காட்டுது? மேல் பாதையில வரட்டுமா, தண்ணிப் பாதையில வரட்டுமா?"

வெளியேற அந்த இரண்டே வழி. ஏதோ ஒன்றில் வாயு சேர்ந்துகொண்டிருக்கும். எதில் என்று கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. வாயு அளக்கும் கைக்கருவி பழுதுபார்க்கப் போய் மூன்று வாரம். மேலே கட்டுப்பாட்டு அறையில் தமஸ்கினின் திரையைத்தான் நம்ப வேண்டும்.

"திரையில ஒண்ணுமில்ல தங்கச்சி. மேஜைக்கடியில உன் சர்வர் கருப்பா நிக்குது. ஏதோ கடவுச்சொல் கேக்குது."

அது அவளே செய்த வேலை.

போன மாதம்வரை வாயு அளவு காட்டும் அந்த இணையப் பக்கம் பூட்டில்லாமல் கம்பியில் போய்வந்தது. யாரோ நடுவில் ஒட்டுக்கேட்டு, தமஸ்கினின் கடவுச்சொல்லைப் படித்து உள்ளே நுழைந்து, அபாய மணி அடிக்கும் அளவை ஒரு சதவீதத்திலிருந்து இரண்டாக ஏற்றிவிட்டார்கள். மணி அடிக்காவிட்டால் வேலை நிற்காது. தலைநகர் புக்கரெஸ்ட்டிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் உலுக்கியெடுத்த பிறகு லுக்ரேசியா சர்வருக்கு டிஜிட்டல் சான்றிதழ் செய்தாள், தகவல் போக்குவரத்து முழுவதையும் நடுவில் யாரும் படிக்க முடியாத மறைகுறியில் போட்டாள், அறையிலிருந்த மூன்று கம்ப்யூட்டரையும் அந்தச் சான்றிதழை நம்பவைத்தாள். சாவிக் கோப்பை எவனும் திருடிப் பயன்படுத்தக் கூடாதென்று அதற்கும் ஒரு கடவுச்சொல் வைத்தாள். சர்வர் நின்று கிளம்பினால், அதைத் தட்டாமல் பக்கம் எழுந்திருக்காது. சர்வரின் பாட்டரி பனிக்காலத்திலேயே செத்துவிட்டது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வைத்தாள்.

"சொல்லு, அடிக்கிறேன்" என்றார் தமஸ்கின்.

அவள் தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தினாள். சுரங்கத் தொலைபேசி பொதுலைன். விளக்கறை, கூண்டை இழுக்கும் வின்ச் அறை, ஐந்தாம் மட்டம், தலைமை எஞ்சினியர் அறை, எல்லா இடத்திலும் ஒலிபெருக்கிப் பெட்டி வழியாகச் சத்தமாகக் கேட்கும்.

"என்னக்கா யோசிக்கிற? மாமா பேரா?" என்றான் ட்ராயான். "சொல்லித் தொலை. நாங்க சிரிக்க மாட்டோம்."

"அவர் பேரா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பேன்டா."

"எனக்குத் தலை கனக்குது" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்லிவிட்டுச் சேற்றில் உட்கார்ந்தான்.

அளவை ஏற்றியது யாருடைய கம்ப்யூட்டரிலிருந்து என்று பதிவில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். இன்ஸ்பெக்டர் கேட்டபோது தெரியாது என்று சொல்லியிருந்தாள். ட்ராயானுக்கு இந்த வேலையைக் கொடுத்ததும், அவளுடைய வேலையைக் கையில் வைத்திருந்ததும் அந்த ஆள்தான். சொல்ல முடியாததை யாரும் பார்க்காத இடத்தில் எழுதிவைத்திருந்தாள்.

"எழுதிக்கங்க அண்ணே. இடைவெளி விடாம அடிக்கணும். அளவை. ஏத்தினது. திபேரியு."

லைனில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"தலைமை எஞ்சினியரா?" என்றது வின்ச் அறை.

"லைனை விடுறா" என்றார் தமஸ்கின். பிறகு, "அடிக்கிறேன், ஒரு எழுத்தும் விழமாட்டேங்குது. கீபோர்டு செத்துப்போச்சா?"

"விழாது அண்ணே. கண்ணுக்குக் காட்டாது. அடிச்சுக்கிட்டே போங்க."

"நான் பாதியிலயே என்டர் தட்டிட்டேனே. தப்புங்குது."

"இன்னும் ரெண்டு தடவதான் கேக்கும். நிதானமா."

தமஸ்கின் ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். அந்தப் பேர் எழுத்தெழுத்தாகச் சுரங்கம் முழுக்கப் போயிற்று. ட்ராயான் அக்காவைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான்.

"பூட்டுப் படம் வந்திருச்சு" என்றார் தமஸ்கின். "மேல் பாதை ரெண்டு புள்ளி மூணு. அந்தப் பக்கம் தலை வைக்காதீங்க. தண்ணிப் பாதை புள்ளி நாலு. தண்ணியில வாங்க, சீக்கிரம்."

தொடையளவு குளிர்ந்த நீரில் நாற்பது நிமிடம் நடந்து கூண்டை எட்டினார்கள். கூண்டு மேலே வந்து நின்றபோது, கறை படாத தலைக்கவசத்தோடு திபேரியு கம்பிக்கதவின் அருகே நின்றிருந்தார். கீழேயிருந்து ஏறுபவன் மேலே நிற்பவனைப் பார்த்து "நொரோக் புன்", அதிர்ஷ்டம் கூடட்டும், என்று வாழ்த்தாமல் கடப்பதில்லை. ஆறு பேர் இறங்கினார்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை.

கடைசியாக லுக்ரேசியா இறங்கினாள்.

"அந்தக் கடவுச்சொல்லை இன்னைக்கே மாத்திடு" என்றார் திபேரியு, மெதுவாக.

"மாத்தறேன் எஞ்சினியர் சார்" என்றாள் அவள். காலணியிலிருந்து தண்ணீரைக் கொட்டினாள். "இன்ஸ்பெக்டருக்குப் பதிவை அனுப்பிட்டு மாத்தறேன்."